விடிய விடியக் கூத்து பார்க்கப் போகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

பங்குனி பிறந்துவிட்டால் வடமாவட்டங்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடும். ஆடி முடிகிற வரை ஏதாவது ஓர் ஊரில் இரவெல்லாம் மத்தளம் கேட்டுக்கொண்டே இருக்கும். முதல்முறையாகக் கூத்து பார்க்கக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கூத்தோடு பழகியவர்கள் பதில் சொல்கிறார்கள்.

தெருக்கூத்தை ஊரில் போய் ஒரு ராத்திரி முழுக்கப் பார்க்க ஆசை. எங்கே போக வேண்டும்? டிக்கெட் உண்டா?
— வாசகர், தாம்பரம்

டிக்கெட் கிடையாது. கோயில் முன்னாலோ அதை ஒட்டிய திடலிலோ நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, வேலூர், விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊரைத் தேடுங்கள். செய்யாறு, வந்தவாசி, ஆரணிப் பக்கம் பஸ்ஸில் ஒரு சுற்று சுற்றினாலே சுவரொட்டிகள் கண்ணில் படும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துக் கதை சொல்வார். அந்தக் கதையை ஒட்டி இரவில் கூத்து நடக்கும். பெரும்பாலும் 10 இரவு. சில ஊர்களில் 18 இரவு வரை போகும்.

நோட்டீசைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பகலில் என்ன பிரசங்கம், இரவில் என்ன நாடகம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். கூத்தைத்தான் "நாடகம்" என்று அச்சடிப்பார்கள். குழுவின் பெயரும் "நாடக மன்றம்", "நாடக சபா" என்றுதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இது வேறு ஏதோ என்று திரும்பிவிட வேண்டாம். அதேபோல, கொடியேறிய அன்றே கூத்தும் தொடங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். முதலில் சில நாள் பிரசங்கம் மட்டும் நடக்கும். கூத்து பிறகுதான் சேரும்.

கிளம்பும் நாளில் மதியம் மூன்று மணிக்கு மேல் விழாக் குழுவின் எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். கோடை மழை வந்தால் கூத்து தள்ளிப்போகும். ஊரில் துக்கம் நடந்துவிட்டால் சடலம் எடுக்கிற வரை கோயிலைத் திறக்க மாட்டார்கள். காலையில் விசாரித்துவிட்டுக் கிளம்பி, மாலையில் ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு.

திருவிழா வரை காத்திருக்க முடியாதவர்கள் செய்யாறு பக்கத்திலுள்ள புரிசையில் ஆண்டுதோறும் நடக்கும் நாடக விழாவுக்குப் போகலாம். கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் பரம்பரையினர் நடத்துவது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி ப்ரூயினும் வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. கட்டைக்கூத்து என்பதும் இந்தக் கூத்துக்கு வழங்கும் பெயர்தான்.

பத்து நாளும் போக முடியாது. ஒரே ஓர் இரவு என்றால் எந்த நாள்?
— வாசகி, கோயம்புத்தூர்

முதல் அனுபவத்துக்குக் கர்ண மோட்சத்தைத்தான் சொல்வோம். வேஷங்கள் குறைவு, கதை எல்லோருக்கும் தெரிந்தது. சினிமாக் கர்ணனை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஒரு நல்ல ஆச்சரியம் காத்திருக்கிறது. கூத்தில் இரவின் பெரும்பகுதியைக் கர்ணனுக்கும் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கும் தகராறே எடுத்துக்கொள்ளும். தேரோட்டி வளர்த்த பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று பொருமுகிறவள் அவள். போருக்குப் போகும் முன் அவளிடம் விடைபெற வருகிறான் கர்ணன். முதலில் கூத்தின் கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் கேலி செய்ய, கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும். பிறப்பு ரகசியத்தைக் கர்ணன் சொல்லி அவள் உடைந்து போகிற இடத்தில், அதே கூட்டம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும். நல்ல பெண் வேஷக்காரர் கிடைத்துவிட்டால் அந்த ஒரு காட்சியே போதும். போர்க்களம், சல்லியன் தேரை விட்டு இறங்குவது, கிழப் பார்ப்பான் வேஷத்தில் கிருஷ்ணன் வந்து புண்ணியத்தை யாசிப்பது, குந்தியின் ஒப்பாரி எல்லாம் விடியற்காலையில்தான் வரும்.

பகடை துகில் என்கிற சூதாட்ட இரவு உக்கிரமானது. பார்க்க வேண்டியதுதான், ஆனால் இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அர்ச்சுனன் தபசு அன்று கூட்டம் நெரியும். பனைமரத்தில் படி அடித்து நட்ட தபசு மரத்தில் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் மரத்தடியில் காத்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் போய் நின்று பழம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் பதினெட்டாம் போர் இரவையும் மறுநாளையும் சேர்த்துப் பாருங்கள். இரவுக் கூத்து முடிந்ததும், மண்ணால் செய்து படுக்கப் போட்ட பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தைச் சுற்றி அதே வேஷக்காரர்கள் ஆடுவார்கள். அதுதான் படுகளம். பீமன் தொடையில் அடித்ததும் அங்கே புதைத்து வைத்த சிவப்பு நீர் பீறிடும். திரௌபதி கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி. காலைப் படுகளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்தத் துரியோதனன் வெறும் மண்பொம்மை. ராத்திரி முழுக்க அவன் பாடியதைக் கேட்டவர்களுக்கு அப்படி இருக்காது.

நோட்டீசில் இரவு 10 மணி என்று போட்டிருந்தது. சரியாகப் போய்விட்டோம், 11 வரை மத்தளம் மட்டுமே அடித்துக்கொண்டிருந்தார்கள். எப்போது போனால் சரி?
— வாசகர், வேலூர்

நீங்கள் போன நேரம் சரிதான். அந்த மத்தளத்துக்குக் களரி கட்டுதல் என்று பெயர். கூத்து இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லும் சத்தம் அது. மத்தளம், டோலக்கு, ஆர்மோனியம், தாளம் ஒன்றுக்கொன்று சுருதி சேர்ந்துகொள்வதும் அப்போதுதான். நாகஸ்வரம் போன்ற சின்ன ஊதுகருவியான முகவீணை எப்படித் தனியாக மேலே ஏறிப் போகிறது என்று அந்த ஒரு மணி நேரத்தில் காதைப் பழக்கிக்கொண்டால் பிறகு உதவும்.

அதன்பின் விநாயகர் துதி, கட்டியங்காரன் வரவு. முதல் கட்டை வேஷம், அதாவது மரக் கிரீடமும் மர நகைகளும் கட்டிய வேஷம், திரைக்குப் பின்னால் வரும்போது பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிவிடும். ஒவ்வொரு வேஷமும் வந்து, பெயர் சொல்லி, பெருமை பாடி முடிவதற்குள் இரவு ஒன்றரை, இரண்டு மணி ஆகிவிடும். இரண்டு முதல் மூன்று வரை கொஞ்சம் தொய்யும். டீக்கடையில் கூட்டம் சேரும் நேரம் அது. கதையின் உச்சம் மூன்றிலிருந்து ஐந்தரைக்குள் இருக்கிறது. எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்து பன்னிரண்டரைக்கு எழுந்து போகிறவர்கள் வரவுகளை மட்டும் பார்த்துவிட்டு, கூத்து மெதுவாகப் போகிறது என்று குறை சொல்வார்கள். நேரம் இல்லையென்றால் முன்பகுதியை விட்டுவிட்டு, வீட்டில் நான்கு மணி நேரம் தூங்கிவிட்டு, இரண்டரைக்கு மேல் போய் உட்காருங்கள். ஊர்க்காரர்கள் பலர் செய்வது அதைத்தான்.

எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும், கேட்கும்?
— வாசகர், திண்டிவனம்

போனதும் மைக்கைப் பாருங்கள். ஆடுகளத்துக்கு மேலே குறுக்குக் கயிற்றில் இரண்டோ மூன்றோ மைக் தொங்கும். வசனமும் பாட்டும் அதன் அடியில்தான் நடக்கும். எவ்வளவு சுற்றி ஆடினாலும் பாட்டெடுக்க வேஷக்காரர் அங்கேதான் வருவார். நடு மைக்குக்கு நேராக, ஆடுகள விளிம்பிலிருந்து 10 முதல் 15 அடி தள்ளி உட்காருவது நல்லது. முதல் வரிசை குழந்தைகளுடையது. கட்டை வேஷம் கிறிக்கி அடித்துச் சுழலும்போது புழுதியும் அங்கேதான் வந்து விழும்.

ஸ்பீக்கர் பாக்ஸுக்கு எதிரே உட்கார்ந்தால் விடிகிற வரை தாங்காது. பாக்ஸ் இரண்டும் களத்தின் இரு மூலையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில், இரண்டையும் பார்க்காத கோணம் ஒன்று கிடைக்கும். வாத்தியக்காரர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று பார்த்து, முகவீணைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால் பாட்டு வரிகள் தெளிவாக விழும். வேஷம் கட்டும் கொட்டகையிலிருந்து களத்துக்கு வரும் வழியில் மட்டும் பாய் விரிக்காதீர்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டியவருக்குக் காலடி தெரியாது.

பாட்டு ஒரு வரிகூடப் புரியவில்லை. தமிழ்தானே, ஏன்?
— வாசகி, மதுரை

உச்சத் தொனியில் இழுத்துப் பாடுவதும், பின்பாட்டுக்காரர்கள் அதே வரியை மேலேறிப் பிடிப்பதும், முகவீணை கூடவே ஓடுவதும் சேர்ந்தால் சொல் கரைந்துவிடும். விருத்தம் என்றால் தாளமில்லாமல் நீட்டிப் பாடுவது. அதில் மனநிலையைப் பிடித்தால் போதும். தரு என்பது தாளத்தோடு ஆடிப் பாடுவது. இவை முடிந்ததும் அதே செய்தி வசனத்தில் வரும். அந்த வசனத்தையும் கட்டியங்காரன் தன் மொழியில் திருப்பிக் கேட்பான்: "அப்போ ராஜா, சூதாட்டத்துக்கு அவங்கள வரச் சொல்றீங்க, அதானே?" ஆக, ஒரே விஷயம் மூன்று தடவை வருகிறது. பாட்டில் தவறவிட்டதைக் கட்டியங்காரனிடம் பிடித்துக்கொள்ளலாம். அவனை வெறும் கோமாளி என்று ஒதுக்கினால் கதையே கையை விட்டுப் போய்விடும். அரசனுக்குச் சேவகன், கதைக்கு உரையாசிரியர், அவிழ்ந்த கயிற்றை மேடையிலேயே இழுத்துக் கட்டுகிறவர், அன்பளிப்பு வாங்கி அறிவிக்கிறவர் எல்லாம் அவர்தான்.

திரை வரவை மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியை இரு முனையிலும் பிடித்து நிற்பார்கள். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், வேறொன்றும் தெரியாது. உள்ளிருந்து விருத்தம் வரும். ஒரு கை வந்து திரையின் மேல்விளிம்பைப் பிடித்து உலுக்கும். முதுகு காட்டித் திரும்பும், மறுபடி உலுக்கல். துரியோதனனாக இருந்தால் இப்படியே பதினைந்து இருபது நிமிடம் போகும். பிறகு சட்டென்று திரையை உருவிவிடுவார்கள். அந்த நொடியில் மத்தளம் இரட்டிப்பு வேகத்துக்கு மாறும். முகம் முழுதாகத் தெரியும் முன்பே அவன் என்ன குணம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்காகத்தான் இத்தனை நேரம்.

என்னவெல்லாம் எடுத்துப் போக வேண்டும்? அப்பாவுக்கு 70 வயது, கூட்டிப் போகலாமா?
— வாசகர், செங்கல்பட்டு

ஒரு கோரைப்பாய், ஒரு போர்வை. சித்திரை வெயில் காலத்திலும் நாலு மணிக்குப் பனி இறங்கும். வெறும் சட்டையோடு வந்தவர்கள் அப்போது துண்டைத் தேடுவார்கள். ஆளுக்கொரு லிட்டர் தண்ணீர், கொசுவுக்கு ஏதாவது, ஒரு சின்ன டார்ச். டீ, பஜ்ஜி, வேர்க்கடலை அங்கேயே கிடைக்கும். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் வழியில் முடித்துவிடுங்கள். கிராமத்துக் கடையில் ஒன்பதுக்கு மேல் இட்லி மிஞ்சாது.

அப்பாவுக்கு மடக்கு நாற்காலி கட்டாயம். அதை நடுவில் போட்டால் பின்னாலிருந்து சத்தம் வரும். பாய்க்காரர்கள் எல்லோருக்கும் பின்னால், இல்லையென்றால் பக்கவாட்டில் போடுங்கள்.

கழிப்பறைதான் உண்மையான தொல்லை. யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பல திடல்களில் வசதி இருக்காது. பெண்களும் வயதானவர்களும் வருகிறார்கள் என்றால் போன உடனே விழாக் குழுவில் கேட்டு, திறந்திருக்கும் பள்ளிக்கூடம், சமுதாயக்கூடம், தெரிந்த வீடு ஏதாவது ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். கேட்டால் கதவு திறக்கும். நள்ளிரவில் கேட்டால் எல்லோரும் தூங்கியிருப்பார்கள்.

குழந்தைகள் பயப்படுவார்களா?
— வாசகி, ஆவடி

துச்சாதனனைக் கண்டு பயந்து, கட்டியங்காரனைக் கண்டு சிரித்து, ஒரு மணிக்குத் தூங்கிவிடுவார்கள். தூங்க விடுங்கள்.

வேஷம் கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியுமா? போட்டோ எடுக்கலாமா?
— வாசகர், புதுச்சேரி

கேட்டுவிட்டுப் போனால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வாத்தியாரிடம் கேளுங்கள், குழுவின் தலைவரை அப்படித்தான் அழைப்பார்கள். எட்டரை, ஒன்பது மணிக்குப் போனால் எல்லாவற்றையும் பார்க்கலாம். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். கட்டை நகைகளுக்கும் வாத்தியங்களுக்கும் சூடம் காட்டிக் கும்பிட்ட பிறகுதான் வேலை தொடங்கும்.

முத்துவெள்ளையையும் வண்ணப்பொடிகளையும் தேங்காய் எண்ணெயில் குழைத்து, கையளவு கண்ணாடியைப் பார்த்து அவரவரே எழுதிக்கொள்வார்கள். கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்பு என்பது பொதுவான வழக்கு. மற்ற வேஷங்களில் குழுவுக்குக் குழு கொஞ்சம் மாறும். அடி வண்ணம் படிந்த பிறகு மை, மீசை, கன்னத்தில் வெள்ளைப் புள்ளியும் கோடும். எண்ணெய் கூடிவிட்டால் வேர்வையில் இரண்டு மணிக்கெல்லாம் கோடு வழியும். குறைந்தால் தோல் இழுத்துப் பொருக்காகும். ஒரு பெரிய வேஷத்துக்கு முகம் எழுத மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

பிறகு சலங்கை. அடுத்து இடுப்பைச் சுற்றிப் பழைய புடவைகளைச் சுருட்டிக் கட்டி, மேலே கொசுவம் வைத்த பாவாடை. கடைசியாகக் கட்டைகள்: மார்புப்பதக்கம், புஜக்கட்டை, கிரீடம். எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. கனம் குறைந்த மரம் என்பதால்தான் இரவெல்லாம் சுமந்து சுழல முடிகிறது. மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டியிருக்கும். கிரீடத்தை அசையாமல் இருக்கத் தலைத்துணியோடு இறுக்கிக் கட்டுவார்கள். தளர்ந்தால் முதல் கிறிக்கியிலேயே சாயும், அதிகமாக இறுகினால் நெற்றி விண்ணென்று வலிக்கும்.

கிரீடம் ஏறிய பிறகு பேச்சுக் கொடுப்பது, தோளில் கை போட்டு செல்ஃபி கேட்பது எல்லாம் வேண்டாம். படம் எடுப்பதை முகம் எழுதும்போதே முடித்துக்கொள்ளுங்கள். களத்தில் ஃபிளாஷ் கூடாது. கண்ணில் அடித்தால் சுழன்று நிற்கும் இடம் தப்பும்.

நடுவில் பணம் கொடுக்கிறார்களே, அதை எப்படிக் கொடுப்பது? எவ்வளவு?
— வாசகர், திருவள்ளூர்

தொகைக்குக் கணக்கில்லை, மனசுதான். வேஷக்காரர் பாடிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏறாதீர்கள். பாட்டு முடிந்து வசனம் தொடங்கும் இடைவெளியில் கட்டியங்காரனைக் கைகாட்டி அழைத்து, பெயர், ஊர், யாருடைய வேஷத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தால், மைக்கில் அறிவித்து அந்த நபரிடம் சேர்த்துவிடுவார். வாத்தியக்காரர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முகவீணைக்காரர் எட்டு மணி நேரம் மூச்சு விடாமல் ஊதியிருப்பார். அவருக்கும் ஏதாவது கொடுங்கள்.

துகில் உரியும் காட்சியில் நாடகத்தை நிறுத்திவிட்டுச் சூடம் ஏற்றினார்கள். பக்கத்தில் ஓர் அம்மா சாமி வந்து ஆடத் தொடங்கிவிட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன்.
— வாசகி, பெங்களூரு

ஒன்றும் செய்ய வேண்டாம். இடம் விட்டு விலகினால் போதும். உடனிருப்பவர்கள் பிடித்து, விபூதி பூசி உட்கார வைப்பார்கள். போனைத் தூக்கி வீடியோ எடுப்பது அங்கே பெரிய அவமரியாதை, சண்டை வரும்.

சூடம் ஏற்றுவதும் காட்சியின் பகுதிதான். திரௌபதி அங்கே கதாபாத்திரம் மட்டுமல்ல, எதிரே கோயிலில் இருக்கும் அம்மன். அவள் புடவையில் கை வைக்கும் முன் துச்சாதன வேஷக்காரர் வேஷத்திலிருந்து வெளியே வந்து, இது நடிப்பு, குற்றம் பொறுக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்வார். பிறகு மறுபடி துச்சாதனனாகி உறுமுவார். உரிவதும் நிஜமாக உரிவதல்ல, கூடுதலாகச் செருகிய ஒரு துணியை இழுப்பதோடு சரி. அந்தக் கும்பிடு நடக்கும்போது நீங்களும் எழுந்து நில்லுங்கள், எல்லோரும் நிற்பார்கள்.

சென்னை அரங்குகளில் இரண்டு மணி நேரத்தில் கூத்து போடுகிறார்களே, அது போதாதா?
— வாசகர், மயிலாப்பூர்

ஆட்டம், அடவு, குரல் எல்லாம் அங்கே நன்றாகவே தெரியும், கழிப்பறையும் இருக்கும். 1977இல் நாடகாசிரியர் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்கிற நாடகக் குழுவைத் தொடங்கியதற்கே கூத்தின் மீது அவருக்கு வந்த ஈடுபாடுதான் காரணம். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தை நகரத்து நாடகக்காரர்கள் பாடமாகக் கற்றதும் அப்படித்தான். ஆனால் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது திரை வரவும் கட்டியங்காரன் பேச்சும். மிச்சம் இருப்பது கதைச் சுருக்கமும் கிறிக்கியும். முதலில் இரண்டு மணி நேரக் கூத்தைப் பார்த்துக் காதைப் பழக்கிக்கொண்டு, பிறகு ஊருக்குப் போங்கள் என்பது எங்கள் யோசனை. அரங்கோடு நின்றுவிட்டால், கூத்து என்றால் வேகமான ஆட்டம் என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அப்பாவின் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைக்க நினைக்கிறோம். குழுவிடம் என்ன பேசிக்கொள்ள வேண்டும்?
— வாசகர், உத்திரமேரூர்

வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்து, தேதியை இரண்டு பக்கமும் எழுதிக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி என்றால் நல்ல குழுக்களுக்கு ஒரே தேதிக்கு நான்கு பேர் வருவார்கள், வாய்ப்பேச்சு நிற்காது. கர்ணன் வேஷம், பொன்னுருவி வேஷம், கட்டியங்காரன் மூன்றும் யார் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சீசனில் ஆட்களைக் குழுக்கள் மாற்றிக்கொள்வது வழக்கம். குழுவின் பெயரைப் பார்த்து வைத்தால் தெரியாத ஆட்கள் வந்து நிற்பார்கள்.

மைக் செட், விளக்கு, பந்தல் யார் பொறுப்பு என்பதில்தான் கடைசி நேரச் சண்டை வரும். பொதுவாக வைப்பவர் பொறுப்பு. களம் குறைந்தது 15-க்கு 15 அடி வேண்டும். கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து மண்ணை இறுக்கி வையுங்கள். மேடை போட்டால் பலகை ஆடக் கூடாது, இடைவெளியில் சலங்கைக் கால் சிக்கும். விளக்கை எதிரே கண் மட்டத்தில் வைக்காமல் முன்பக்க இரு மூலையிலும் உயரமாகக் கட்டுங்கள். தீவட்டி வெளிச்சத்துக்காக உருவான வேஷம் இது. நேராக ஃபிளட் லைட் அடித்தால் முகத்தின் வண்ணம் தட்டையாகிவிடும், கண்ணாடித் துண்டும் மின்னாது. மைக் செட்காரரிடம் எக்கோவை முழுக்கக் குறைக்கச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் வைத்த அளவிலேயே விட்டுவிடுவார். வசனத்தில் ஒரு சொல் பிரியாது.

பத்துப் பதினைந்து பேருக்கு எட்டு மணிக்குள் சாப்பாடு, வேஷம் கட்ட மறைவான இடம், ஒரு டியூப்லைட், இரண்டு குடம் தண்ணீர், ராத்திரி இரண்டு முறை டீ. பேசிய தொகையின் பாக்கியை மங்களம் பாடியதும் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் அன்றிரவே அடுத்த ஊரில் ஆட வேண்டியிருக்கும்.

மட்டக்களப்புக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?
— வாசகர், கொழும்பு

இங்கே ஆடுவது தொழில்முறைக் குழு; ஊர் ஊராகப் போகும். அங்கே கூத்து கற்றுத்தரும் அண்ணாவியாரிடம் ஊர்க்காரர்களே மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணி விழா நடத்தி, பிறகு அரங்கேற்றுகிறார்கள். உங்கள் வட்டக்களரியில் நாலு பக்கமும் பார்வையாளர்; இங்கே மூன்று பக்கம். முகவீணை, ஆர்மோனியம் இரண்டையும் கேட்டதும் முதலில் அந்நியமாகத் தோன்றும். வரவுப் பாட்டும் பாரதக் கதையும் உங்களுக்குப் பழகியதுதான், குறிப்பாக வடமோடி வகைக் கூத்து பார்த்தவர்களுக்கு.

கூத்து முடிந்ததும் பைக்கிலேயே சென்னை திரும்பிவிடலாமா?
— வாசகர், பல்லாவரம்

வேண்டாம். மங்களம் பாடி முடிய ஆறு மணி. ஏழரைக்கு வெயில் முகத்தில் அடிக்கும்போது கண் சொருகும். செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் அதிகாலையிலேயே டவுன் பஸ் ஓடத் தொடங்கிவிடும். போகும்போதே முதல் பஸ் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில்தான் போனீர்கள் என்றால் கோயில் மண்டபத்தில் இரண்டு மணி நேரம் பாய் விரித்துத் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். வேஷம் கலைத்த குழுவினர் பலரும் அங்கேதான் படுத்திருப்பார்கள்.